பிடி என்றால் விடு

என் வலது கையைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எந்தக் கம்பெனி?" ஓசூரில் விரல் இல்லாத ஒருவரைப் பார்த்தால் எப்படி ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் என்று அவர்களே முடிவு செய்துவிட்டு, கம்பெனி எது என்று மட்டும் விசாரிப்பார்கள். பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில் இலை முன்னால், எங்கேயும் இதே கதைதான். "கம்பெனி இல்லைங்க, மாடு" என்பேன். உடனே முகம் மாறும். மெஷினில் விரல் போனால் ஐயோ பாவம். மாட்டிடம் போனால் சிரிப்பு. "மாடு கடிச்சிருச்சா?" என்று ஒரு அம்மா கேட்டார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது என்று பாடம் எடுக்க அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

மோதிர விரலில் நடு மூட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. நடுவிரல் இருக்கிறது, ஆனால் முழுக்க மடங்காது. சுண்டுவிரல் மனசு வந்தால் வேலை செய்யும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் என் கட்சியில்தான் இருக்கின்றன. அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்குது என்று ஊரில் சொல்வார்கள். என் விஷயத்தில் அது கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது.

நான் பிறந்தது காவேரிப்பட்டினம் பக்கம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் சின்னச் சின்ன போர்டுகளில் ஒயர் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் லைனை மூடினார்கள். முப்பத்தெட்டு வயதில் வேறு கம்பெனி வாசலில் போய் நின்றால், செக்யூரிட்டியே நம்மை அம்மா என்று கூப்பிட்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அப்போதுதான் சூளகிரி தாண்டி ஒரு மாட்டுப்பண்ணையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். நாற்பது மாடுகள், எல்லாம் கறுப்பு வெள்ளைக் கலப்பினம். ஷெட்டில் வரிசையாக ஃபேன், பால் கறக்க மெஷின். முதலாளி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். மாட்டைப் பற்றி நிறையப் படித்திருந்தார், ஆனால் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு மாடு இருக்கும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கயிறு பிடித்தவள் நான். எங்கள் பக்கம் கயிற்றைச் சும்மா பிடிக்கமாட்டார்கள். உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி, பிறகுதான் நடப்பார்கள். மாடு திமிறினால் கயிறு நழுவக் கூடாது. கயிற்றை விட்டுவிட்டால் அது பெரிய அவமானம். மாடு அடுத்தவன் சோளத்தில் புகுந்தது என்பதை விட, "அவ கயித்த விட்டுட்டா" என்பதுதான் ஒரு வாரத்துக்கு ஊர்ப் பேச்சு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி என்னிடம் ஒரு முரட்டு மாட்டின் கயிற்றைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு சுற்றுச் சுற்றினேன். மாடு இழுத்தது, நான் விடவில்லை. "சூப்பர்மா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து மாட்டை அவிழ்ப்பது, கட்டுவது, ஊசிக்குக் கூட்டிப்போவது எல்லாம் என் வேலை.

என்னோடு இந்த வேலையில் இருந்தவர் ஒரு கன்னடக்கார அண்ணன். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பண்ணையிலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை பைக்கில் ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி வீட்டுக்குப் போய்வருவார். ஐம்பது வயது இருக்கும். நல்ல மனுஷர். பெண்களை ஒருமையில் பேசவே மாட்டார். எனக்காக மெனக்கெட்டுத் தமிழ் பேசுவார்; அதில் 'ங்க' போட வராது, 'ம்மா'தான் அவர் மரியாதை. "இந்த வாளி பிடிம்மா", "அந்தக் கயிறு பிடிம்மா" என்று நாள் முழுக்கப் பிடிம்மாதான். பால் கறக்கத் தெலுங்கு பேசும் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். ஆக ஒரே ஷெட்டில் மூன்று பாஷை. யாரும் யாருக்கும் மொழிபெயர்த்ததில்லை. இந்தப் பக்கத்தில் அது ஒரு விஷயமே இல்லை. இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலை பால் வண்டி போன பிறகு, இன்னும் முதல் கன்று போடாத ஒரு தலைச்சன் கிடாரியை ஊசி போடக் கூட்டிப்போனேன். ஷெட்டுக்கு வெளியே இரும்புக் குழாயால் கட்டிய ஒரு கூண்டு உண்டு. மாட்டை அதற்குள் நிறுத்தித்தான் டாக்டர் ஊசி போடுவார். கிடாரி அதுவரைக்கும் அந்தக் கூண்டுக்குள் போனதில்லை. நான் முன்னால் போய், குழாய்களுக்கு இடையே கயிற்றைக் கொடுத்து, அந்தப் பக்கம் நின்று இழுத்தேன். வழக்கம்போல இரண்டு சுற்று. அண்ணன் பின்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தார். காற்றில் ஷெட்டின் தகரக் கதவு ஒன்று படாரென்று அடித்தது.

கிடாரி பின்னால் பாய்ந்தது. என் கை குழாய் வரைக்கும் போய் இடித்தது. வலித்தது, ஆனால் விரல்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கிடாரி கால் வழுக்கி ஓர் அடி முன்னால் வந்தது. கயிறு தளர்ந்தது. ஒரு நொடி, அதற்கு மேல் இருக்காது. அந்த நொடியில் கையை உருவிக்கொண்டிருக்கலாம். பின்னாலிருந்து அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார்.

"பிடிம்மா! பிடிம்மா!"

நான் பிடித்தேன். தளர்ந்த கயிற்றை வீணாக்குவானேன் என்று இன்னொரு சுற்றும் சுற்றிக்கொண்டேன். கிடாரி இரண்டாம் தடவை பின்னால் பாய்ந்தது.

அப்புறம் நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. புல் வெட்டும் அரிவாளால் அண்ணன் கயிற்றை அறுத்தார். தெலுங்குக்கார அக்கா தன் முந்தானையால் என் கையைச் சுற்றினாள். முதலாளியின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது, கையைப் பார்க்கவா வேண்டாமா என்று யோசித்தது நினைவிருக்கிறது. பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், மோதிர விரலில் நடு மூட்டுக்கு மேல் உயிர் இல்லை, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். எடுங்கள் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மாட்டின் மேல் இல்லை, பிடி பிடி என்று கத்திய அண்ணன் மேல்.

மறுநாள் அவர் இளநீரோடு வார்டுக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் ஜன்னலோரம் நின்றார். என்னால் அடக்க முடியவில்லை.

"புடி புடின்னு கத்துனீங்களே! நேத்து நீங்க வாய மூடிட்டு இருந்திருந்தாக்கூட நானே விட்டிருப்பேன். எதுக்கு அப்படிக் கத்துனீங்க?"

அவர் திகைத்துப்போய் நின்றார். பிறகு, "நானு பிடி அந்த தானே ஹேளித்து?" என்றார். நான் பிடி என்றுதானே சொன்னேன் என்கிறார். அதைத்தானே நானும் கேட்கிறேன்! இரண்டு பேரும் மாறிமாறி பிடி, புடி என்று கத்திக்கொண்டிருந்தோம். நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றார். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த ஓர் அம்மா, அத்திப்பள்ளியில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, கன்னடத்துல பிடின்னா விட்டுருங்கன்னு அர்த்தம்மா. அவரு விடச் சொல்லியிருக்காரு."

எனக்கு அது தெரியாதா என்ன! பதினைந்து வருஷமாக ஓசூரில் இருக்கிறவள். பஸ்ஸில் கூட்டத்தில் "ஸ்வல்ப பிடி" என்று யாராவது சொன்னால், வழி விட்டு ஒதுங்குகிறவள்தான் நான். ஆனால் நாள் முழுக்கத் தமிழில் பிடிம்மா பிடிம்மா என்ற அதே வாய், அதே குரல். உயிர் போகிற அவசரத்தில் அவர் தன் தாய்மொழிக்குப் போய்விட்டார். நான் என் தாய்மொழியில் கேட்டுக்கொண்டிருந்தேன். நிதானமாக உட்கார்ந்து கேட்டால் வித்தியாசம் இருக்கிறதுதான். அவர் பகரத்தை அழுத்திச் சொல்வார், நாங்கள் புடி என்போம். நானூறு கிலோ மாடு இழுக்கும்போது யார் நிதானமாக உட்கார்ந்து கேட்பது? இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஒருமையில் பேசுகிறவராக இருந்திருந்தால் 'பிடு' என்று கத்தியிருப்பார். ஒருவேளை எனக்கு விளங்கியிருக்கும். மரியாதை தெரிந்தவர், அதனால் 'பிடி' என்றார். மரியாதையால் விரல் போனது உலகத்திலேயே எனக்கு மட்டும்தானாக இருக்கும்.

சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. அண்ணன் இளநீரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். அவர் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"போதும்மா. போனது ஒண்ணோட போவட்டும். மிச்சத்த வச்சுக்கிட்டு வூட்ல இரு."

"வூட்ல இருந்தா வெரலு மொளைக்குமா?"

"மொளைக்காது. இன்னொண்ணு போவாது, அவ்ளோதான்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு வேறு கணக்கு இருந்தது. இந்தக் கையோடு எந்தக் கம்பெனியும் என்னை எடுக்காது, மெடிக்கல் டெஸ்டிலேயே நின்றுவிடும். எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை மாடுதான். கயிற்றையும் விட்டுவிட்டால் நான் யார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பவும் மாட்டுக் கயிறு என் கைக்கு வர வேண்டும். பால் கேன் கழுவவோ கேட்டில் உட்காரவோ இல்லை, கயிறு. இதைத் தவிர வேறெதையும் நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கட்டு அவிழ்த்த பிறகு, ரப்பர் பந்தை அமுக்குங்கள் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லி அனுப்பினாள். பந்தை அமுக்கி யாருக்கு என்ன லாபம்? நான் ராகிக் களி உருட்டினேன். சூடாக இருக்கும்போதே தண்ணீர் தொட்டு உருட்ட வேண்டும், விரல் எல்லாம் மடங்கியே ஆக வேண்டும். முதல் வாரம் என் களி உருண்டை ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சப்பையாக, அடி வாங்கிய மூஞ்சி போல இருந்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் உருண்டை உருண்டையாக வந்தது. அப்போதும் அவர் பேசவில்லை, இன்னொன்று போடச் சொன்னார்.

பிடி வந்துவிட்டது. ஆனால் பழைய மாதிரி பிடித்தால் பழைய மாதிரிதான் ஆகும் என்பதும் தெரிந்தது. துணி காயப்போடும் கயிற்றில் ஒரு துண்டை அறுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே விதவிதமாகப் பிடித்துப் பார்த்தேன். கையைச் சுற்றாமல் மிச்சக் கயிற்றை என்ன செய்வது? கீழே தொங்கவிட்டால் காலில் சிக்கும். ஒருநாள் புடவை கட்டும்போது, கொசுவம் வைக்கிற கை அப்படியே நின்றுவிட்டது. கயிற்றையும் கொசுவம் போல முன்னும் பின்னுமாக மடித்துப் பிடித்தால்? மடித்தேன். கதவுத் தாழ்ப்பாளில் மறுமுனையைக் கட்டி இழுத்தேன். இறுக்கிப் பிடித்தால் நிற்கிறது. விரலைத் திறந்தால் ஒவ்வொரு மடிப்பாக உருவிக்கொண்டு போய்விடுகிறது. எதுவும் கையைச் சுற்றிக்கொள்வதில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதிப் புடவையோடு போய் அவரிடம் காட்டினேன். "மொதல்ல புடவையக் கட்டு" என்றார்.

பண்ணைக்குத் திரும்பிப் போனபோது ஷெட் வாசலில் பெரிய போர்டு ஒன்று மாட்டியிருந்தது. சேஃப்டி ஃபர்ஸ்ட் என்று, அதுவும் இங்கிலீஷில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மாடுகள் மட்டும்தான் அதை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. முதலாளி தன் அறையில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். அந்த மரியாதையிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"கன்னுக்குட்டிக்குப் பால் பாட்டில் காட்டுறீங்களா? இல்லாட்டி கேட்ல ரிஜிஸ்டர் பாத்துக்குங்க. மாடு பக்கம் வேணாம்மா, ரிஸ்க்."

"கயிறுதான் சார். இல்லாட்டி நான் வரல."

"ரெண்டு வெரல்ல எப்படிம்மா புடிப்பீங்க?"

"அஞ்சு வெரலும் இருந்தப்பதான் சார் இது ஆச்சு."

சூட்டோடு சூடாக நான் இரண்டு விஷயம் கேட்டேன். இனிமேல் பண்ணையில் யாரும் கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. இரண்டாவது, விடு என்பதற்கு எல்லாருக்கும் ஒரே வார்த்தை வேண்டும். கம்பெனியில் எங்கள் லைனில் சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். அதற்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. யார் அமுக்கினாலும் லைன் நிற்கும். மாட்டுக்குப் பட்டன் வைக்க முடியாது, ஒரு வார்த்தை வைக்கலாம் அல்லவா? முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். ஒரு தப்பு நடந்தாலும் கேட் வேலைக்குத்தான் என்றும் சொன்னார். சரி என்றேன்.

வார்த்தை தேடியது ஒரு கூத்து. ஷெட் வாசலில் ஐந்து பேரும் நின்றோம். முதலாளி 'லீவ்' என்றார். லீவ் என்றால் இங்கே எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். 'ரிலீஸ்' என்றார். படமா என்று தெலுங்குக்கார அக்காவின் புருஷன் கேட்டார். 'ஸ்டாப்' என்றால் கை இருந்த இடத்திலேயே கெட்டியாக நின்றுவிடும், அதுவும் ஆபத்து. நான்தான் 'கை' என்றேன். கையைப் பார், கையைத் திற. தமிழிலும் கை, கன்னடத்திலும் கை. தெலுங்குக்கார அக்கா, "மா பாஷையில செய்யி" என்றாள். ஐயையோ, செய்யி என்று கத்தினால் நான் இன்னும் வேகமாகச் செய்வேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கை என்று முடிவாயிற்று.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் ஓரமாக நின்றார். நான் பண்ணைக்கு வராத நாட்களில் அவர் வேலை நேரத்தில் வாயே திறப்பதில்லை என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். மாட்டைக்கூட அதட்டுவதில்லையாம். நாங்கள் கயிறு மடிக்கப் பழகினோம். கொசுவம் வைக்கத் தெரியாத ஆண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது தனிக்கதை. பிறகு ஒருவர் கயிறு பிடிக்க இன்னொருவர் கத்துவது என்று பழகினோம். அண்ணன் முறை வந்தபோது உதடு மட்டும் அசைந்தது. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணா, நீங்க பின்னாடி நிக்கறவரு. உங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். கத்துனாத்தான் நான் பொழைப்பேன்."

"என் வாயாலதானேம்மா போச்சு உங்க வெரலு."

"உங்க வாயால போவல. என் காதால போச்சு. பாதி வெரலுக்கு நீங்க மொத்த வாயையும் மூடிக்கிட்டா எப்படி? கத்துங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கை" என்றார். பூனை போல ஒரு சத்தம். எனக்குக் கோபம் வந்தது. "இது மாட்டுக்கே கேக்காது!" என்றேன். இன்னொருமுறை கத்தினார். ஷெட்டில் படுத்திருந்த நாலு மாடு எழுந்து நின்றது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஒரு மினி லாரியில் புது மாடு வந்தது. மதிய நேரம். வண்டியின் பலகையைச் சாய்த்துவைத்தார்கள். முதலாளி ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார், மாட்டை விற்றவரும் கூட வந்திருந்தார். நான் கயிற்றை மடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். மாடு பாதிப் பலகையில் இறங்கியபோது, ரோட்டில் போன கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டது. மாடு பலகையிலிருந்து பக்கவாட்டில் குதித்தது. கயிறு வண்டியின் கொக்கியை உரசிக்கொண்டு வளைந்தது. நான் அந்தக் கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்தேன்.

"கை!"

அண்ணனின் குரல். என் காது கேட்டது, ஆனால் கை திறக்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம் விடாதே என்றது. விற்றவர் பார்க்கிறார், முதலாளி பார்க்கிறார், விட்டால் கேட் வேலைதான் என்றது. இதெல்லாம் அரை நொடியில். அண்ணன் மறுபடியும் கத்தினார். நான் விரலைத் திறந்தேன். மடிப்பு மடிப்பாகக் கயிறு உருவிக்கொண்டு போனது. கை சும்மா காற்றில் நின்றது. மாடு பக்கத்துத் தோட்டத்துக் கொத்தமல்லிக்குள் பாய்ந்தது.

"ஏம்மா விட்டீங்க!" என்று முதலாளி கத்தினார். விற்றவர் வாய்விட்டுச் சிரித்தார். "பொம்பள கையில கயித்தக் குடுத்தா..." என்று ஆரம்பித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஆமாங்க, விட்டேன். நாளைக்கும் விடுவேன். மாட்டப் போய்ப் புடிச்சுக்கலாம்."

முதலாளி அதைக் கேட்க நிற்கவில்லை. அவரே கொத்தமல்லிக்குள் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். மாடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. கயிறு பாத்தியில் நீளமாகக் கிடந்தது. அவர் குனிந்து கயிற்றை எடுத்தார். எடுத்த வேகத்தில், எங்கே கற்றுக்கொண்டாரோ, உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று. மாடு தலையைத் தூக்கியது. அதன் காது விறைத்ததை நான் பார்த்தேன்.

"கை!"

இந்தமுறை கத்தியது நான். முதலாளி என்றெல்லாம் பார்க்கவில்லை, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பயத்தில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் திடுக்கிட்டுக் கையை விரித்து உதறினார். இரண்டு சுற்றும் நழுவிக் கீழே விழவும் மாடு பாயவும் சரியாக இருந்தது. கயிறு அவர் காலடியிலிருந்து பாம்பு போல ஓடிப் பத்தடி தள்ளி நின்றது. மாடு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கொத்தமல்லியில் வாயை வைத்தது.

முதலாளி தன் வலது கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையில் கயிறு உரசிய சிவப்புக் கோடு. திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஐந்தும் மடங்கின. பிறகு என் கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அதை நேராகப் பார்த்ததில்லை.

"நீங்களே புடிச்சுக்கிட்டு வாங்கம்மா" என்றார்.

நான் போய்க் கயிற்றை எடுத்தேன். மூன்று மடிப்பு மடித்து, இருக்கிற விரல்களால் பிடித்தேன். மாடு வாயில் தழையோடு என் பின்னால் வந்தது. விற்றவர் வழியில் நின்றுகொண்டிருந்தார். ஒதுங்குங்க என்றேன், ஒதுங்கினார்.